81147-க்குப் பிறகு

எண்ணூரில் கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரி
விநாடிக்கு மூன்று மீட்டர் ஓடும்.
பெல்ட்டுக்கு மேலே என் கேமரா.
விநாடிக்கு முப்பது ஃப்ரேம்.
அதன் கண்ணுக்குத் தெரிவது ஒரு முழம் கறுப்பு.
கிழிசல் கண்டால் சொல்ல வேண்டும்,
அதற்கு இட்ட வேலை அவ்வளவே.

நினைவகத்தில் பதினாறு பஃபர் வரிசையாக வைத்தேன்,
எர்ணாவூரில் லாரி வந்து நிற்கும்போது
நாங்கள் குடம் வைப்பதைப் போல.
நிறைந்ததை எடு. தொட்டியில் ஊற்று.
காலிக் குடத்தை வரிசையின் கடைசியில் வை.
தொட்டிக்கு நாற்பது விநாடி பிடிக்கும்.
அதற்கு மேல்
பழையதின் தலையில் புதியது விழும்.
யாராவது பெல்ட்டை நிறுத்தினால் மட்டும்
அந்த நாற்பது விநாடி அப்படியே உறையும்.

முதல் வாரம் பதினாறு இடத்துக்கும்
ஒரே முகவரியைக் கொடுத்துவிட்டேன்.
ஆயிரம் டன் போன பிறகும்
எல்லாப் படத்திலும் ஒரே கரித்துண்டு
பல்லிளித்துக்கொண்டு நின்றது.
சிரித்துக்கொண்டே திருத்திய தப்பு அது.

செவ்வாய் இரவு இரண்டே காலுக்கு
தேசப்பன் கயிற்றை இழுத்தார்.
கான்ட்ராக்ட் ஆள். பெல்ட் ஓரம் சிந்துவதைக்
கூட்டி அள்ளுகிற வேலை.
'கை மேடம். கை மாதிரி இருந்துச்சு.'
ஆறு மீட்டர் தள்ளி பெல்ட் கவிழும் இடம்.
கவிழ்ந்தது எதுவாக இருந்தாலும்
கரியோடு கரியாகிவிட்டது.
ஆட்களை எண்ணினார்கள், எண்ணிக்கை சரி.
இருபத்திரண்டு நிமிடம் நின்றதற்கு
யார் தலையில் எழுதுவது என்று
ஷிப்ட் என்ஜினியர் என்னிடம் வந்தார்.
'உங்க படத்துல பாருங்க. ஒண்ணும் இருக்காது.'

பார்த்தேன்.
ஒன்றும் இல்லை.
கரி, கரி, ஈரக் கரி, ஒரு சணல் நுனி, கரி.
81146.
81147.
81159.

நடுவில் பதினொன்று.
இரண்டு முழத்துக்கு மேல், ஒரு கை போகிற நீளம்.

காரணம் எனக்குத் தெரியும்.
ஒவ்வொரு ஃப்ரேமும் வந்து தட்டுகிற கதவிலேயே
டிஸ்க்கில் எழுதும் வேலையையும் வைத்திருந்தேன்.
ஹவுசிங் போர்டு மூணாவது மாடிக்கு
ஒவ்வொரு குடமாகத் தூக்கிப்போய் ஊற்றிவிட்டு
மூச்சு வாங்கக் கீழே வந்தால்
வரிசையில் ஒரு காலிக் குடம் கிடையாது.
லாரிக் குழாய் யாருக்கும் நிற்காது.
ரோட்டில் ஊற்றிவிட்டது.

விஸ்வேஸ்வர் ஆபீசிலிருந்து பேசினார்.
'கேமரா கொடுக்குற நம்பர் எதுக்கு?
நாமளே ஒண்ணு, ரெண்டுன்னு போட்டுக்கலாமே.
ஒரு வரிதான்.'
உண்மை. ஒரு வரிதான்.
ஆயிரத்து இருநூறும் ஒட்டி உட்கார்ந்துவிடும்,
இடைவெளி இருந்த தடமே இராது.
தேசப்பனுக்கு மூன்று நாள் கூலி போகும்.
என் பில் பாஸாகும்.

அந்த வரியை எழுதியும் பார்த்தேன், பொய் சொல்வானேன்.
அழகாகத்தான் ஓடியது.

81159-லிருந்து கயிறு இழுபட்ட ஃப்ரேம் வரை
நாற்பத்தொன்று.
ஒன்றரை விநாடிக்குச் சற்றுக் குறைவு.
கண் பார்த்து, மனம் நம்பாமல் இருந்து, பிறகு நம்பி
கை கயிற்றுக்குப் போக ஆகும் நேரம்
அவ்வளவுதான் இருக்கும் என்று தோன்றியது.
தோன்றியதை ரிப்போர்ட்டில் எழுத முடியாது.
எழுதியது:
'பதினொரு ஃப்ரேம் பதிவாகவில்லை. பிழை என் நிரலில்.
அவற்றில் என்ன இருந்தது, இல்லை என்று
இந்தக் கருவியால் சொல்ல இயலாது.'

விஸ்வேஸ்வர் அப்புறம் பேசவில்லை.

வியாழன் இரவு டிஸ்க் வேலையைத் தனியே பிரித்து
இன்னொரு ஆளிடம் விட்டேன்.
குடங்களை அறுபத்து நாலாக்கினேன்.
விடியும்வரை எண் அறாமல் ஓடியது.
கொற்றலை ஆற்றுப் பக்கம் வெளுத்தபோது
சாம்பல் படிந்த மானிட்டரைச் சுரிதார் நுனியால் துடைத்தேன்.
தேசப்பன் மண்வெட்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

'இப்போ வந்தா தெரியுமா?'
'தெரியும்.'
'அப்போ பெல்ட்டை அதுவே நிறுத்திடும்.'
'இல்லண்ணா. அது பாத்துக்கிட்டு மட்டும் இருக்கும்.'

அவர் கயிற்றைப் பார்த்தார்.
கரி போய்க்கொண்டிருந்தது.